கடல் பார்த்த கதவு

அண்ணாந்த முகத்தின்மேல் செம்பிலிருந்து தண்ணீர் ஒரே கோடாய் இறங்குகிறது, செம்பின் விளிம்பு உதட்டில் படவில்லை, தொண்டை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒவ்வொரு மிடற்றையும் வாங்கிக்கொள்கிறது, வழிந்தது புடைவைக்கு மேல் போட்டிருக்கும் ஆண் சட்டையின் காலரை நனைக்கிறது, சண்முகக்கனி குடிக்கிறாள், நாற்பத்து மூன்று வயதில், உச்சிவெயிலில், உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு, அக்கம்பக்கம் பாராமல் குடிக்கிறாள், நான் ஓலைக் கொட்டகையின் நிழலில் அவளுடைய இரத்தப் பரிசோதனை உறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், உறை இன்னும் பிரிக்கப்படவில்லை, சார் நீங்களே படிச்சுச் சொல்லுங்க, ஆனா மொதல்ல தண்ணி, அப்புறந்தான் தாளு என்று சொல்லிவிட்டாள், என் மாணவிதான், ஆனாலும் இங்கே எது முன், எது பின் என்று வகுப்பவள் அவள், எனக்கும் அவசரமில்லை, ஓய்வு பெற்றுப் பதினோராண்டு ஆயிற்று, ஒரு பெண் வயிறாரத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நல்ல வேலை எனக்கு இன்று இல்லை. உறைக்குள் ஓர் எண் இருக்கிறது, இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு, சென்ற ஆண்டு அது இரண்டு புள்ளி ஒன்று, அது ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகம் கைவிட்டுவிடும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவரும், ஏறாமல் நின்றால் மாத்திரையோடும் தண்ணீரோடும் இன்னும் பல ஆண்டுகளை ஓட்டிவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அந்த எண் என் மடியில் இருக்கிறது, வெயில் பாத்திகளில் விழுந்து தெறித்துக் கண்ணைக் கூச வைக்கிறது, வெள்ளை, வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை, வரிசை வரிசையாய்ச் சதுரங்கள், இவை பாத்திகளா, இல்லை, வெள்ளைச் சட்டை போட்ட பெண்பிள்ளைகள் வரிசையாய் அமர்ந்திருக்கிறார்கள், ஏழாம் வகுப்பு, பிற்பகலின் முதல் பாடவேளை, நான் வேற்றுமை உருபு நடத்திக்கொண்டிருக்கிறேன், ஒருத்தியும் அசையவில்லை.

எனக்கு ஒரு விதி இருந்தது, பாடம் நடக்கும்போது எவரும் எழுந்து வெளியே போகக் கூடாது, விதி என்றால் அதற்கு விலக்கு இருக்கக் கூடாது என்று நினைத்த வயது அது, இலக்கணத்திலேயே விதிக்குப் புறனடை வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றாடம் நடத்திக்கொண்டே நான் அப்படி நினைத்தேன், இடைவேளை மணி அடித்ததும் பையன்கள் மதிற்சுவரை நோக்கி ஓடினார்கள், பெண்பிள்ளைகள் எங்கும் ஓடவில்லை, ஓட இடமில்லை, பள்ளியில் இருந்த ஒரே கழிப்பறையின் சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் கிடந்தது, அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் அது திறந்தது, இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை, காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை கற்சிலைபோல் அமர்ந்திருந்த அந்தப் பிள்ளைகளைக் கண்டு, ஒழுக்கம் என்றால் இதுதான் என்று பையன்களுக்குச் சுட்டிக்காட்டினேன், ஆண்டு விழாவில் நல்லொழுக்கப் பரிசு சண்முகக்கனிக்கு, ஓர் எவர்சில்வர் தம்ளர், அதை நானே தேர்ந்தெடுத்தேன், தண்ணீரே குடிக்காத பிள்ளைக்குத் தம்ளர், அன்று எல்லோரும் கைதட்டினார்கள், கனியின் தாய் மட்டும் மண்டபத்தின் கடைசியில் நின்று தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் அளத்துக்காரி, அவளுக்குத் தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்போடு கனியும் தாயோடு அளத்துக்குப் போனாள், அங்கே கடல் வரைக்கும் வெட்டவெளி, ஒரு புதர் கிடையாது, ஒரு சுவர் கிடையாது, ஆண்கள் வரப்போரத்தில் திரும்பி நின்றுகொண்டார்கள், பெண்கள் அதிகாலையில் இருட்டோடு ஒதுங்கிவிட்டு வந்து வெயில் ஏற ஏற உப்பு வாரிவிட்டு மாலையில் வீடு திரும்பும் வரைக்கும் தொண்டையை நனைக்கவில்லை, பள்ளியில் பழகிய பாடத்தை அங்கே நீட்டித்துக்கொண்டார்கள், இடுப்பு வலித்தது, பெட்டிக்கடையில் வெள்ளை மாத்திரை வாங்கி விழுங்கினார்கள், நீர்க்கடுப்பு வந்தது, அதையும் அடக்கினார்கள், முப்பது ஆண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நான் சர்க்கரை மாத்திரைக்காக நின்ற வரிசைக்குப் பக்கத்து வரிசையில், சிறுநீரகப் பிரிவின் நீண்ட பலகையில் நால்வர் அமர்ந்திருந்தார்கள், கால்கள் வீங்கி, முகம் ஊதி, எனக்குக் கண் மங்கல், நால்வரும் தலை நிமிர்ந்து வணக்கம் சார் என்றபோதுதான் அடையாளம் தெரிந்தது, சண்முகக்கனி, பேச்சித்தாய், பிச்சம்மாள், ராஜகனி, நால்வரும் என் வகுப்பு, ஒரே அளம், நான் வருகைப்பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராய்க் கூப்பிடுகிறேன், உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று குரல் வருகிறது, பதிவேடு இல்லை, பலகைதான், மருந்து வாடைதான். உள்ளே ஓர் இளம் மருத்துவர் அலட்சியம் என்ற சொல்லை ஐந்து முறை பயன்படுத்தினார், உடம்பைக் கவனிக்காத அலட்சியம், தண்ணீர் குடிக்காத அலட்சியம், எனக்குச் சினம் தலைக்கேறியது, அலட்சியம் யாருடையது என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன், கனி முந்திக்கொண்டாள், குரலை உயர்த்தாமல், ஒரு கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள், குடிச்சா எங்கன சார் போயி இருக்க, பத்து வயசுலேருந்து குடிக்கல, பள்ளிக்கொடத்துக்குக் கெளம்பும்போதே எங்கம்மை சொல்லித்தான் விடுவா, தண்ணி குடிச்சிராத, தமிழ் சார் வெளிய விடமாட்டாருன்னு. மருத்துவர் எழுதிக்கொண்டார், தமிழ் சார் யார் என்று அவர் கேட்கவில்லை, கனியும் என் பக்கம் திரும்பவில்லை, அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான், அது வேறு எதையும்விட எனக்கு உறைத்தது.

அதன்பிறகு எழுதினேன், எழுதத் தெரிந்தவன் வேறு என்ன செய்வான், பதினேழு விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் எழுவாய் பயனிலை பிசகாமல், பதில் ஒன்றுமில்லை, நடுவில் ஒரு மருத்துவ முகாம் வந்தது, சிறுநீரகத்தை பாதுகாப்போம் என்று ஒரு பதாகை, ஒற்று விட்டுப்போயிருந்தது, நான் கரித்துண்டால் அந்தப் ப் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் தங்களுக்குக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில்களைக் குடிக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள், மூன்று லிட்டர் குடியுங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது, எங்கே போய் இருப்பது என்பதற்கு ஒலிபெருக்கியில் பதில் இல்லை. ஒருவழியாக அளத்து முதலாளியின் ஆள் இறங்கிவந்தார், தகரத்தில் ஒரு கழிப்பறை, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய், வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று என்னிடமே கேட்டார், வாசல் சாலையைப் பார்க்கத்தானே வேண்டும், அதுதானே முறை என்றேன், திறப்பு விழாவில் பேசவும் செய்தேன், ஆறு மாதமாயிற்று, தாழ்ப்பாளில் துருப்பிடித்தது, ஒருத்தியும் போகவில்லை, பீப்பாயும் குறையவில்லை, கனியின் எண் ஒன்று புள்ளி ஏழிலிருந்து இரண்டு புள்ளி ஒன்றுக்கு ஏறியிருந்தது, நான் அளத்துக்கே வந்து, வகுப்பில் திட்டுவதுபோல் திட்டினேன், இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்தால் இதுவா நீங்கள் காட்டும் நன்றி என்றுகூடச் சொன்னதாக நினைவு, அந்தச் சொல் இப்போதும் நாவில் கசக்கிறது. பேச்சித்தாய் உப்பு வாரும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள், பள்ளியிலேயே வாயாடி, சார், கோவப்படாதிய, நீங்க ஒரே ஒரு வாட்டி அதுக்குள்ள போயிட்டு வாங்க, நாங்க அம்புட்டுப் பேரும் எடைமேடையில உக்காந்து உங்களையே பாத்துக்கிட்டு இருக்கோம், எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க என்றாள். எனக்கு வீம்பு, நடந்தேன், அளத்திலிருந்து தகர அறைக்கு நாற்பது தப்படி, அறைக்கு நேரெதிரே லாரிகள் நிற்கும் எடைமேடை, நாளெல்லாம் ஓட்டுநர்களும் சுமைக்காரர்களும் பீடி குடித்துக்கொண்டு கிடக்கும் இடம், அன்று அவர்களோடு பெண்களும் வரிசையாய் வந்து அமர்ந்துகொண்டார்கள், நான் போகிறேன், அவர்கள் பார்க்கிறார்கள், தாழ்ப்பாள் கிறீச்சிட்டது, உள்ளே நின்றேன், வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், யாரோ சார் இன்னும் வரலையே என்றார்கள், ஒருத்தி சிரித்தாள், உள்ளே நின்ற எனக்கு ஒன்றும் வரவில்லை, வெளியே வந்தபோது காது இரண்டும் எரிந்தன, எழுபது வயதை நெருங்கியவன், தலையைக் குனிந்துகொண்டு நாற்பது தப்படியும் திரும்பி நடந்தேன், பேச்சித்தாய் சிரிக்கவில்லை, புரிஞ்சுதா சார் என்று மட்டும் கேட்டாள், புரிந்தது, வாழ்நாளில் எவரும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளத்தில் வேலையில்லை, ஆனால் பெண்கள் வந்தார்கள், பேச்சித்தாயின் கணவர் கொத்தனார், அவர் தகரம் வெட்டும் கத்தரியோடு வந்தார், மேற்கே சாலையைப் பார்த்த வாசலை அடைத்துத் தகரத்தை அறைந்தார்கள், கிழக்குச் சுவரில் கதவைத் திறந்தார்கள், அதற்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஓலைத் தட்டி, எதிரே பாத்திகளும் கடலும் மட்டும், கங்காணி தவசிமுத்து சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்தார், யாரக் கேட்டு மொதலாளி சொவத்த வெட்டுதிய என்றார், பேச்சித்தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல், உம்ம வீட்டுக்காரியக் கேட்டுத்தான் அண்ணாச்சி, அவதான் கோடு போட்டுக் குடுத்தா என்றாள், தட்டிக்குப் பின்னாலிருந்து கையில் கரித்துண்டோடு பிச்சம்மாள் வெளியே வந்தாள், தவசிமுத்துவின் மனைவி, மருத்துவமனைப் பலகையில் மூன்றாவதாக அமர்ந்திருந்தவள், வீங்கிய கணுக்காலோடு கணவரைப் பார்த்து நின்றாள், தவசிமுத்து அவளுடைய காலைப் பார்த்தார், கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு தகரத்தின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் அது ஆடிக்கொண்டிருக்க, போய்ப் பிடித்துக்கொண்டார், கோணலா இருக்குவே, கொஞ்சம் மேல தூக்கும் என்று கொத்தனாரிடம் சொன்னார். திங்கட்கிழமை பீப்பாய் நண்பகலுக்குள் காலியாகிவிட்டது, அதை இரண்டாக்கச் சொல்லும் விண்ணப்பத்தை நான் எழுதவில்லை, ராஜகனி எழுதினாள், மூன்று பிழைகள் இருந்தன, திருத்தாமல் கொடுத்தேன், அதற்குத்தான் பதில் வந்தது.

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கனி கொட்டகைக்குள் வருகிறாள், என் எதிரே தரையில் அமர்கிறாள், மற்ற மூவரும் வாருபலகைகளைச் சாய்த்துவிட்டு அவளைச் சுற்றி அமர்கிறார்கள், இதுவும் வகுப்புத்தான், இப்ப படிங்க சார் என்கிறாள், நான் உறையைப் பிரிக்கிறேன், எந்தத் தாளையும் முதல் வரியிலிருந்துதான் படிக்க வேண்டும், பெயர், வயது, இரத்தம் எடுத்த நேரம், பேச்சித்தாய் குறுக்கிடுகிறாள், சார், அவ பேரு எங்களுக்கே தெரியும், நம்பருக்கு வாங்க, அடுத்த வரி, அதற்கடுத்த வரி, விரலை வைத்துக்கொண்டு இறங்குகிறேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்க்கிறேன், இரண்டு புள்ளி ஒன்று என்கிறேன், போன வருசம் எவ்வளவு சார் என்று கேட்கிறாள், தெரிந்துகொண்டே கேட்கிறாள், அதே இரண்டு புள்ளி ஒன்று, ஏறலையா, ஏறவில்லை, அவள் பாத்திகளைப் பார்க்கிறாள், கால்விரல்களை மடக்கி நீட்டி மடக்கிப் பார்க்கிறாள், பிச்சம்மாள் அவள் முதுகில் ஓர் அடி வைக்கிறாள், ஏட்டி, இன்னும் கொஞ்ச காலம் எங்கள ஏசிக்கிட்டுத்தான் இருப்ப போல என்று பேச்சித்தாய் சொல்ல, நால்வரும் சிரிக்கிறார்கள், கடலிலிருந்து காற்று வந்து தாளை என் கையிலிருந்து பறிக்கப் பார்க்கிறது, நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு விளக்கத் தொடங்குகிறேன், ஏறவில்லை என்பதால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல, போனது திரும்பி வராது, ஆனால் இருப்பதைக் காப்பாற்ற முடியும், அதற்கு மூன்று செய்ய வேண்டும், முதலாவதாக, பெட்டிக்கடை மாத்திரையை ஒருபோதும், என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கனி தரையில் கையூன்றி எழுந்திருக்கிறாள், இருங்க சார், வந்துருதேன் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி, அவசரமில்லாமல், முதுகு நிமிர்ந்து, வரப்பின்மேல் தகர அறையை நோக்கி நடக்கிறாள், அவள் பின்னாலேயே பிச்சம்மாள், நானும் வாரேன் என்று ராஜகனி, பேச்சித்தாய் மட்டும் தயங்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் எழுந்து போகிறாள், என் எதிரே தரை காலியாகக் கிடக்கிறது, ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய பேச்சு காற்றில் வருகிறது, சொற்கள் புரியவில்லை, தகரக் கதவு மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது, பாதியில் விட்ட வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு நான் காத்திருக்கிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.