எதிர்ப்பாட்டு

பஸ்ஸிலிருந்து இறங்கிய காத்தாயி வீட்டுக்குப் போகவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் மண்பாதையில் பாதி தூரம் போனவள், அங்கே அணைந்த அடுப்பைத் தவிர எதுவும் காத்திருக்கவில்லை என்ற நினைப்பு வந்ததும் திரும்பி, மேட்டு மைதானத்துக்கு வந்தாள். ஆண்கள் காமன் கம்பத்துக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாசி மூன்றாம் பிறையில் நட்ட கம்பம். ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் கட்டி, எருவிராட்டி கோத்து, நாளுக்கு நாள் பருத்து நின்றது. இன்று பௌர்ணமி. பொழுது சாய்ந்ததும் முக்கண்ணன் விழி திறந்து மன்மதன் எரிய வேண்டும். அவள் கம்பத்தருகே நின்றாள். பின் தேயிலை மலை ஓரத்துக்குப் போனாள். மறுபடியும் கம்பத்தருகே வந்தாள். கம்பம் நட்ட மறுநாளிலிருந்து அவளுடைய கால்கள் அப்படித்தான் ஆகியிருந்தன. அன்றைக்குத்தான் அவள் புருஷன் தங்கையாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவன் கட்சிக்காரன் அல்லன். காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்தில், தோட்டத்து அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டான். "சிலோன்ல இருந்து கப்பல் ஏத்தறப்ப வீடு தாறோம்னு சொன்னீங்க. செவுரு வந்திருச்சு. கூரை அடுத்த கப்பல்ல வருதுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். கேள்வியைவிட அந்தச் சிரிப்புத்தான் மேலிடத்துக் காதில் பலமாக விழுந்திருக்க வேண்டும். நெருக்கடி நிலை நாட்டில் நடந்துகொண்டிருந்தது என்பதை அவர்கள் ரேடியோவில் கேட்டிருந்தார்கள். அது தங்கள் லயத்து வாசலுக்கும் வரும் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

ஸ்டேஷனுக்கு அவள் நடந்த நடை கொஞ்சமல்ல. "அப்படி யாரையும் நாங்க கூட்டியாரலைங்க" என்பதே சப்இன்ஸ்பெக்டரின் பதில். திட்டவுமில்லை, விரட்டவுமில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். கண்ணெதிரே ஜீப்பில் ஏறியவனை இல்லை என்று சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. அதுதான் அவளைக் குலைத்தது. இன்று கோத்தகிரியில் செலஸ்டின் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, ஆளைக் கொண்டாந்து நிறுத்துன்னு கேக்கறதுக்கு ஒரு மனு இருக்குதுங்க. வெள்ளைக்காரன் காலத்துலயே இருந்தது. இப்ப அதைக் கேக்கலாமா கூடாதான்னே டெல்லியில வழக்கு. பெரிய கோர்ட்டு தீர்ப்பை எதிர்பாத்துட்டு இருக்கறமுங்க."

"அப்ப எம்புருசன் எங்கன்னு நான் யாரக் கேக்குறதுங்கய்யா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் தலைவர் ஆண்டி தொண்டையைச் செருமினார். லயத்துக்கெல்லாம் மூத்தவர்; போலீஸ் அனுமதி வாங்கி வந்தவரும் அவரே. "பெர்மிசன் கெடச்சிருச்சு. ஆனா லாவணி கூடாதாம். எரிஞ்ச கச்சி மட்டும் பாடி, கம்பத்தக் கொளுத்திட்டு, கலைஞ்சு போயிரணும். வாதம், எதிர்வாதம் ஒண்ணும் ஏலாதுன்னு சொல்லிட்டாக."

காமன் கூத்தில் இரு கட்சிகள் பாட்டால் வாதாடும் லாவணிதான் உயிர். ஈசன் விழித்ததும் காமன் எரிந்து நீறானான் என்று பாடுவது எரிந்த கட்சி. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உருவின்றி வாழ்கிறான், ஆகவே எரியவில்லை என்று பாடுவது எரியாத கட்சி. கடல் கடந்தபோதும் சட்டி பானையோடு இந்த வழக்கையும் கட்டி எடுத்து வந்தவர்கள் அவர்கள். காத்தாயி பிறந்தது எரிந்த கட்சி வீட்டில். வாழ்க்கைப்பட்டது எரியாத கட்சியில். கல்யாணமான முதல் மாசியில் அவள் அப்பன் பாட்டை முணுமுணுத்ததற்காகத் தங்கையா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவனே அந்தப் பாட்டுக்கு எதிரடி கட்டிக்கொண்டு வந்து, அவள் சிரிக்கும்வரை பாடினான். அந்தக் குரல்தான் இப்போது எங்கேயோ, எந்தச் சுவருக்குள்ளேயோ.

"ஒத்தக் கச்சி லாவணிக்கு நான் எதுக்கு? கிராமபோன் வச்சுக்கங்க" என்றார் முனியசாமி. எரிந்த கட்சியின் முதல் பாட்டுக்காரர். எரியாத கட்சிக்குப் பாடும் தங்கையாவோடு பல மாசிகள் மல்லுக்கட்டியவர். அவனைப் பிடித்துப் போன அன்று, "வாய்க்கொழுப்பு, வேற என்ன" என்று சொன்னவரும் அவரே. காத்தாயி அதை மறக்கவில்லை.

"இந்த வருசம் ஒன் கச்சிதான்டா ஜெயம். பாடிட்டுப் போவியா?" என்றார் ஆண்டி.

முனியசாமி வெற்றிலையைத் துப்பினார்.

பொழுது சாயும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. ஜனங்கள் கம்பளிக்குள் முடங்கி உட்கார்ந்தார்கள். ஜீப் மைதானத்து விளிம்பில் நின்றது. சப்இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரதி வேடம் கட்டிய இருளப்பன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்தான். "ஏ ரதி, மீசைய வழிச்சியே, மார்ல இருக்கற காட்ட யாரு வெட்டுவா?" என்று மருதாயி கூவினாள். சிரிப்பு எழுந்து, ஜீப்பைக் கண்டு பாதியில் அடங்கியது. காத்தாயி மட்டும் உட்காரவில்லை. கூட்டத்தின் பின்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

கம்பத்துக்கு இந்தப் பக்கம் எரிந்த கட்சி. அந்தப் பக்கம் வழக்கம்போல் ஒரு சமுக்காளம் விரித்திருந்தது. அதில் ஒருவரும் இல்லை. தப்பு முழங்கியது. முனியசாமி காதில் கைவைத்துப் பாட்டெடுத்தார். கரும்பு வில்லும் மலர்க்கணையும் கருகியதை, மேனி வெண்ணீறாய்க் காற்றில் போனதை, வயதுக்கு மீறிய குரலில் பாடினார். "எரிந்தானே மாரன் எரிந்தானே" என்று முடித்தார். முடித்தவர் உட்கார்ந்துகொண்டார்.

தப்பு ஓய்ந்தது. ஆண்டி பந்தத்தோடு முன்னால் வந்தார். முனியசாமி கையை நீட்டித் தடுத்தார். "பதில் வரல்ல தலைவரே. பதில் வராம கொளுத்துறது மொறையில்ல."

சப்இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்தபடி குரல் கொடுத்தார். "ஏனுங்க பெரியவரே, அடுத்ததைப் பாடி முடிங்க."

"ஏம்பாட்டு முடிஞ்சிருச்சுங்கய்யா. இனி அவங்க மொறை."

"அங்க யாருமே இல்லீங்களே."

"அதாங்கய்யா காத்திருக்கோம்."

"எதிர்ப்பாட்டு கூடாதுன்னு சொல்லியிருக்குதல்ல?"

"யாரும் பாடலீங்களே. சும்மாதான குந்தியிருக்கோம். சும்மா குந்தறதுக்கும் பெர்மிசன் எழுதி வாங்கணுங்களா?"

இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. கம்பளிகளுக்குள் இருமல்போல் பரவியது. பின் அதுவும் ஓய்ந்தது. மைதானம் முழுவதும் அந்த வெற்றுச் சமுக்காளத்தைப் பார்த்தது. எத்தனையோ மாசிகளில் அங்கே தங்கையா உட்கார்ந்திருந்தபோது யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

காத்தாயி முனியசாமியைப் பார்த்தாள். அந்த மனிதர் இவளுக்காக இரங்கியதாகத் தெரியவில்லை. முகத்தில் கோபம்தான் இருந்தது. எதிரே ஆளில்லாமல் ஜெயிக்கச் சொன்னதன் கோபம். அவளுக்கு அது போதுமாயிருந்தது. இரக்கத்தை அவள் ஸ்டேஷனில் தண்ணீர்க் குவளையோடு பார்த்துவிட்டாள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெண்பிள்ளை லாவணியில் வாய் திறந்த வழக்கமில்லை. "காத்தாயி, வேணாம் ஆத்தா. ஒன்னையும் கொண்டு போயிருவாங்க" என்றார் ஆண்டி தாழ்ந்த குரலில். "கொண்டு போனா அவரு இருக்கற எடமாச்சும் தெரியுமில்ல" என்றபடி அவள் சமுக்காளத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாகக் கால்கள் அடங்கின.

"சொல்லு மதினி" என்றார் முனியசாமி. எதிராளியைச் சீண்டும் அதே பழைய இளப்பக் குரல். "எங்காளு எரிஞ்சாச்சு. ஒங்க கச்சி என்ன சொல்லுது?"

பாட்டெடுக்க அவளுக்குக் குரல் வரவில்லை. பேச்சாகத்தான் வந்தது, ஆனால் அவள் அறியாமலே தாளத்தில் விழுந்தது. முகம் முனியசாமியை நோக்கியிருந்தது. சொல் அவரைத் தாண்டிப் போயிற்று.

"எரிஞ்சது நெசமுன்னா சாம்பலக் காட்டுங்க. எரியலேன்னா ஆளக் காட்டுங்க."

பதிலடி விழுந்தால் தப்பு ஒருமுறை அதிர வேண்டும் என்பது முறை. தப்படிப்பவன் தலைவரைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல் ஓங்கி அடித்தான். பனிக்குள் அந்த ஓசை மலைக்கு மலை போயிற்று.

சப்இன்ஸ்பெக்டர் இறங்கினார். அவளை நோக்கி நேராக நடந்தார். நடுவில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மறிக்கவில்லை; கை நீட்டவில்லை; எழுந்து வழிவிடவுமில்லை. முழங்காலோடு முழங்கால் நெருங்கி, முக்காட்டுக்குள் முகம் புதைத்து, இருந்த இடத்தில் இருந்தார்கள். அவருடைய பூட்ஸ் ஒன்று முன்னால் எழுந்து, கம்பளிகளுக்கு மேலே பனியில் தொங்கியபடி, வைப்பதற்கு ஓரிடம் தேடிற்று.