மூன்றாம் பக்கம்

எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அம்மாவின் விரல் நுனிகளில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கிருஷாந்தி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் சேலைகளை மறைப்பாகக் கட்டி, பெண்கள் மீனம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சீயக்காய் தேய்த்து, மஞ்சள் பூசி, உடம்பெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. விரல்கள் மட்டும் கறுப்பாகவே இருந்தன. இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த கறை.

"விடு பாப்பா, அது போகாது," என்றாள் அம்மாக்கண்ணு. பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருப்பவள். அத்தனை வருஷமும் மீனம்மாவுக்கு அடுத்த நிரையில் நின்று கொழுந்து எடுத்தவள். "எனக்கும் இதே கறதான். அதோடதான் போய்ச் சேருவோம்."

கிருஷாந்தி விடவில்லை. நேற்று சாயங்காலம் அம்மா போனாள். இவள் கொழும்பிலிருந்து விடிகாலை ரயில் பிடித்துத் தலவாக்கலையில் இறங்கும்போது எல்லாம் முடிந்து போயிருந்தது. கடைசித் தண்ணீர் கொடுக்கவில்லை. இந்த விரல்களையாவது சுத்தம் செய்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வெடிப்பும் காய்ப்புமாக இருந்த தோலில் எலுமிச்சைச் சாறு வழிந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை.

அன்று தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை. சாவு வீடென்று யாரும் மலைக்குப் போகவில்லை. வாசலில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்தி, மீனம்மாவைப் பெட்டிக்குள் கிடத்தினார்கள்.

"பிரியப்பட்டதெல்லாம் எடுத்து வைங்க," என்றார் சோலைமலை. கிருஷாந்தியின் அப்பா. "கண்ணாடிய வைங்க. வெத்தலப் பைய வைங்க. புள்ள வாங்கிக் குடுத்த பொஸ்தக மிசினு தலவாணிக்கு அடியில இருக்கும், பாரும்மா."

கிருஷாந்தி தலையணைக்கு அடியில் கைவிட்டாள். பழைய பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தாள் அம்மா.

மின்நூல் கருவி. மாப்பிள்ளை பார்ப்பதைப் போல மூன்று வாரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கிட்னி போய் அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, வாசிகசாலையிலிருந்து எடுத்துவந்த தடிப் புத்தகங்களைத் தூக்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. படிக்காவிட்டால் மீனம்மாவுக்குச் சோறு இறங்காது. ஹட்டனில் ரிஸ்வி நானாவின் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பழையது, தடிமன், பக்கம் திருப்ப ஓரத்தில் இரண்டு பட்டன். மற்றது புதியது, தகடு போல மெல்லிசு, தொட்டாலே போதும்.

"உம்மாவுக்குத்தானே? பட்டன் உள்ளத எடுங்களேன், லேசா இருக்கும்," என்று ரிஸ்வி நானா சொல்லிப் பார்த்தார். "எங்கம்மா அவ்வளவு பட்டிக்காடு இல்ல நானா," என்று சிரித்துவிட்டுப் புதியதையே எடுத்தாள். அம்மாவின் கண்ணுக்கு எழுத்தின் அளவு, கைக்கு எடை, ராத்திரிக்கு வெளிச்சம், எல்லாம் யோசித்திருந்தாள். தீபாவளிக்கு வந்தபோது பதினான்கு புத்தகம் ஏற்றி, முதல் நாவலைத் திறந்து, "இப்பிடித் தொட்டா பக்கம் போகும்மா" என்று இரண்டு தரம் தள்ளிக் காட்டிவிட்டுக் கொழும்புக்கு ரயில் ஏறினாள்.

இப்போது கீழேயிருந்த பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. அதே நாவல். மூன்றாம் பக்கம்.

அவளுக்குப் புரியவில்லை. நாவலை மூடிவிட்டுப் புத்தகப் பட்டியலைப் பார்த்தாள். மற்ற பதின்மூன்றும் திறக்கப்படவே இல்லை. நாலு மாசம். போனில் கேட்கும்போதெல்லாம், "படிக்கிறேன் பாப்பா, நல்லா ஓடுது" என்றுதானே அம்மா சொன்னாள்?

"அம்மா இத படிக்கவே இல்லியா பெரியம்மா?"

அம்மாக்கண்ணு வெற்றிலைப் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சோலைமலையைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"காய்ச்சுப்போன அவ வெரல அதுக்குத் தெரியல பாப்பா. தொட்டுத் தொட்டுப் பார்ப்பா, அசையாது. என்னையக் கூப்பிட்டா. என் வெரலும் அதே கததான். இந்த லயத்துல கொழுந்து எடுக்கிற எட்டுப் பேரும் வரிசையா வந்து தொட்டுப் பாத்தோம். ஒருத்திக்கும் அது மசியல. ஒங்கப்பாவும் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிச்சுக் காய்ச்ச வெரலால ஓங்கிக் குத்தினாரு, ஒடஞ்சிரும்னு ஒங்கம்மா புடுங்கிட்டா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"புள்ள ஆசையாப் பாத்துப் பாத்து வாங்கினது, சொன்னா அவ மனசு ஒடஞ்சி போயிரும்னு சொன்னா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கையில குடுக்கவும் விடல, கீழ போட்டுருவாங்கன்னு. தெனம் அந்த ஒரு பக்கத்தத்தான் படிப்பா. எங்களுக்கும் படிச்சுக் காட்டுவா." அம்மாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்: "'மழை விடுவதாக இல்லை. கடைசி ரயிலும் போய்விட்டது. அவளைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை.' அங்கனதான் நிக்கும்."

தைப்பொங்கலுக்கு மறுநாள் அம்மா போனில் கேட்டாள்: "ஏன் பாப்பா, அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போக யாராச்சும் வந்தாங்களா?" இவள் அந்த நாவலைப் படித்தவள். "நீங்களே படிங்கம்மா, நான் சொன்னா ருசி போயிரும்," என்றாள். "அதுவும் சரிதான்" என்றாள் அம்மா.

கண்ணை நினைத்தவள் விரலை நினைக்கவில்லை. அந்த விரல்கள் பறித்த கொழுந்தில்தான் அவள் படித்தாள், கொழும்புக்குப் போனாள், ஹட்டன் கடையில் நின்று சிரித்தாள். அவளுக்குத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

வாசலிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "வாய்க்கரிசிக்கு வாங்க, நேரமாகுது."

கிருஷாந்தி போகவில்லை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நாவலை மறுபடி திறந்து திரையில் விரலை வைத்தாள். பக்கம் புரண்டது. எவ்வளவு லேசாகப் புரண்டது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நாலாம் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். சோலைமலை வாசலைப் பார்த்துக் கையைக் காட்ட, தப்பும் நின்றது. கதையில் அந்தப் பெண் ரயிலடி வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஈரச் சேலையைப் பிழிந்தாள். விளக்குக்காரன் விளக்கை அணைத்துவிட்டுப் போனான். அவள் அழவில்லை. கிருஷாந்திக்கு இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஏழாம் பக்கத்தில், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஒருவன் ஓடி வந்தான். "ரொம்ப நேரமா நிக்கிறியா?" என்று கேட்டான். அவளுடைய அண்ணன்.

அம்மாக்கண்ணு பெட்டிக்குள் குனிந்து, மீனம்மாவின் காதோரம் சொன்னாள்.

"வந்துட்டாங்களாம் மீனம்மா. அவ அண்ணன்தான் வந்திருக்கான்."

வாய்க்கரிசி போட்டார்கள். "அதையும் வச்சிரும்மா," என்றார் சோலைமலை. கிருஷாந்தி கருவியை அம்மாவின் கைக்கு அடியில் வைக்கப் போனாள். அம்மாக்கண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் பாப்பா. அங்க யாரு தள்ளிவிடுறது?"

கண்ணாடியையும் வெற்றிலைப் பையையும் மட்டும் வைத்து மூடினார்கள்.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பெட்டி மேலே ஏறியது. பெண்கள் படியோடு நின்றுகொண்டார்கள். தூறல் பிடித்திருந்தது. கிருஷாந்தி கையிலிருந்த கருவியை அணைக்காமலே நின்றாள். விரலில் எலுமிச்சை வாசம் இன்னும் போகவில்லை.

கூரைத் தகரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் திரையில் விழுந்தது. பக்கம் தானாகப் புரண்டது.