முந்நூற்று முப்பத்திரண்டு நாட்கள்

பரசுராமனுக்கு ஓர் எண் உதைத்துக்கொண்டே இருந்தது: 1,187.

அவன் வேலை பார்த்த மருதம் ஏர், பதினேழு விமானங்கள் மட்டுமே கொண்ட சின்ன நிறுவனம். நீல்ஜெட் என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டது. இரண்டு பக்கத்து விமானிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போன வாரம் பணிமூப்புப் பட்டியல் வந்தது. பெயரும் எண்ணும் மட்டும்தான் அதில். சேர்ந்த தேதிப்படி வரிசை என்றார்கள். பரசுராமன் மருதத்தில் சேர்ந்தது 2016 ஜனவரி 4, எண் 1,187. ஜனவரி 18-இல் சேர்ந்த அவன் நண்பன் ஜெயக்குமாருக்கு 1,094. பதினான்கு நாள் பிந்தி வந்தவன் தொண்ணூற்று மூன்று இடம் முந்தி நிற்கிறான். எப்படி?

விமானிகளின் உலகத்தில் அந்த எண்தான் எல்லாம். எந்த ஊரிலிருந்து பறப்பது, பண்டிகைக்கு யாருக்கு விடுப்பு என்று எல்லாவற்றையும் அது தீர்மானிக்கும். திறமை வேண்டாமா என்றால் வேண்டும், தேர்வில் தேறுவதற்கு. ஆனால் தேர்வுக்கு ஆளைக் கூப்பிடுவது எண்தான். துணை விமானிகள் கேப்டன் ஆவதற்கான பயிற்சிக்கு இந்த வருடம் 1,120 வரை அழைப்பு. அடுத்த வருடம் 1,175 வரை. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் ‘புதிய விமானங்கள் வந்த பிறகு’ என்று போட்டிருந்தது, தேதி இல்லை. பரசுராமனுக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு மேலாகத் துணை விமானியின் வலது பக்க இருக்கை.

ஆட்சேபம் சொல்ல வழி இருந்தது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருபத்து மூன்று காரணங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத்தான் தொடலாம், ஒரே ஒரு தடவை. தொட்ட பிறகுதான் அதற்குரிய விதி திறக்கும். தவறானதைத் தொட்டால் கதவு மூடிவிடும். ஏழு நாள் கெடுவில் மூன்று நாள் மிச்சம்.

அவன் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துவிட்டான். பறந்த மணி நேரமா? அவனைவிடக் குறைவாகப் பறந்த இரண்டு பேர் மேலே இருந்தார்கள். வயதா? அதுவும் இல்லை. உரிமம் வாங்கிய தேதி ஐம்பது பேர் வரைக்கும் சரியாக வந்து, ஐம்பத்தோராவது ஆளிடம் உடைந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா சம்பூர்ணத்தைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் கொண்டுபோய் விட்டான். பாவு என்கிற நீளவாட்டு நூல் தீர்ந்த தறியில், பழைய இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பது அவள் தொழில். ஒரு புடவைப் பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

தறிக்காரர் காசிநாதன் திரும்பிப் பார்த்தார். “வாப்பா கேப்டன். பிளேன் இன்னிக்கு லீவா?”

“இன்னும் கேப்டன் ஆகலைண்ணா.”

“தெரு முழுக்க அப்டிதானே கூப்பிடுது. அப்ப இத்தினி வருசமா பக்கத்து சீட்டுல சும்மாவா குந்திக்கினு இருந்தே?”

“சும்மா இருண்ணா. அவனே நாலு நாளா சரியா சாப்பிடல” என்றாள் சம்பூர்ணம், கையை நிறுத்தாமல். “இன்னாடா அந்த லிஸ்டு? சொல்லித் தொலை.”

அவன் சொன்னான். அவள் மேலும் நாற்பது ஐம்பது இழை பிணைத்தாள்.

“உன் பேருல இருந்து எதுக்குப் பார்க்கிறே?” என்றாள். “நானும் ரெண்டு வரிசையைத்தான் ஒண்ணாக்கறேன். கடைசியில ஒரு இழை மிஞ்சிச்சுன்னா மிஞ்சின இழையில தப்பு இருக்காது. எங்கியோ நடுவுல ஜோடி மாறியிருக்கும். மொதல் இழையில இருந்து வரணும். எங்க மொதல்ல மாறுதோ அங்க நின்னு பாரு, ஏன்னு தெரியும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். போவும்போது எனக்கு ஒரு டீ சொல்லிட்டுப் போ.”

செவிலிமேட்டில் வீட்டுக்கு வந்ததும் நீல்ஜெட் ஆட்களை எல்லாம் புதுப் பட்டியலிலிருந்து நீக்கினான். மருதத்தின் பழைய இருநூற்று நாற்பது பேர் புது வரிசைப்படி மிஞ்சினார்கள். பக்கத்தில் மருதத்தின் பழைய பட்டியலை வைத்தான். முதல் அறுபத்தோரு பேரும் அச்சு அசலாகப் பொருந்தினார்கள். அறுபத்திரண்டாவதாக இருக்க வேண்டிய துர்காதேவி பதினோரு இடம் கீழே கிடந்தாள்.

அவளுக்கே போன் செய்தான்.

“எனக்கும் தெரியல சார்” என்றாள் துர்காதேவி. “நான் ஒழுங்கா வேலை பார்த்தேன். தோள்பட்டை ஆபரேஷனுக்கு அஞ்சு மாசம் லீவ் போட்டதோட சரி.”

“சம்பளத்தோடயா?”

“இல்ல சார், லாஸ் ஆஃப் பே.”

அவள் சேர்ந்த தேதியோடு ஐந்து மாதத்தைக் கூட்டினான். புது வரிசையில் அவளுக்கு மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் சேர்ந்த தேதிகளுக்கு நடுவே அது கச்சிதமாக விழுந்தது. அடுத்து இடம் மாறியவர் வேணுகோபால். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாமல் நான்கு மாதம் வீட்டில் இருந்தவர். அதுவும் விழுந்தது.

பரசுராமன் தன் விடுப்புத் தேதிகளை எழுதினான்.

2020 ஜூலை 1 முதல் 2021 மே 28 வரை அவன் சம்பளமில்லா விடுப்பில் இருந்தான். முந்நூற்று முப்பத்திரண்டு நாள். நோய்க்காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, மருதம் குலுக்கல் போட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. குலுக்கலில் வந்த பெயர் ஜெயக்குமார். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். விடுப்பில் போனால் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். பரசுராமன் தான் போவதாக எழுதிக் கொடுத்தான். இந்த விடுப்பு உங்கள் பணிமூப்பைப் பாதிக்காது என்று மருதம் கடிதமே தந்தது. அதனால்தான் இந்தக் காரணத்தை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கடிதம் தந்த நிறுவனம் இப்போது இல்லை.

ஜனவரி 4-ஐ முந்நூற்று முப்பத்திரண்டு நாள் தள்ளினால் 2016 டிசம்பர் 1. புது வரிசையில் அந்தத் தேதி விழும் இடம் 1,187.

‘சம்பளமில்லா விடுப்பைக் கழித்தது’ என்ற பதினெட்டாவது காரணத்தைத் தொட்டான். விதி திறந்தது, எல்லோருடைய திருத்திய தேதிகளோடு. விடுப்பை மாற்றிக்கொண்ட இரு விமானிகள், இருவரும் கையெழுத்திட்டால், அந்த நாட்களைத் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது.

மறுநாள் மதியம் வாலாஜாபாத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தார்கள். ஜெயக்குமார் தாம்பரத்திலிருந்து வந்திருந்தான். படிவத்தைப் பார்த்ததும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“உனக்குத் தெரியும்” என்றான் பரசுராமன்.

“லிஸ்ட் வந்த அன்னிக்கே.”

“ஒரு வார்த்தை சொல்லல.”

“சொல்லல.” ஜெயக்குமார் கண்ணாடி டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தான். “நீ கண்டுபிடிக்காம இருந்தா தேவலாம்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.”

“பாப்பாவுக்கு இப்ப அஞ்சு வயசு இல்ல?”

“அத இதுல இழுக்காதே, பரசு. நீ வேணும்னு கேட்டா முழுசும் என் பேர்ல எழுது, கையெழுத்து போடறேன்.”

“போட்டா உனக்கு டிசம்பர் 15. ரெண்டு பேட்ச்லயும் வர மாட்டே.”

“நீ கேட்டா போடறேன்னு சொன்னேன். கேக்கறியா?”

பரசுராமன் சாலைப் பக்கம் திரும்பினான். கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தான். சாலையில் நெல் மூட்டை லாரி ஒன்று பின்வாங்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது போகும் வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

“பாதி பாதி?” என்றான் ஜெயக்குமார்.

“போட்டுப் பார்த்துட்டேன். ஆளுக்கு நூத்தி அறுபத்தாறு. எனக்கு ஜூன் 18, உனக்கு ஜூலை 2. ரெண்டு பேருமே இந்த வருசம் கிடையாது.”

“அப்போ?”

பரசுராமன் காகிதத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தான். கோபம் இருந்தது, எழுத எழுதவும் அது போகவில்லை. ஆனாலும் கணக்கு தெளிவாக வந்தது. முதல் தொகுதிக்கு வெளியே, 1,121-இல் நிற்பவரின் தேதி மார்ச் 20. அதற்கு முந்தைய நாள் வரை ஜெயக்குமார் இறங்கலாம், இடம் போகாது.

“கடைசி ஆளா நின்னா ஊரைத் தேர்ந்தெடுக்கவும் கடைசி” என்றான் ஜெயக்குமார், எழுதுவதைப் பார்த்தபடி. “சென்னை கிடைக்காது. குவாஹாட்டிதான் மிஞ்சும். பாப்பாவை மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம்.”

“ஆமா.”

“நீ?”

“அடுத்த வருசம் வரைக்கும் பக்கத்து சீட்டு.”

ஜெயக்குமார் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பரசுராமன் அதற்குக் கீழே போட்டான். படிவத்தில் எழுதியிருந்தது இதுதான்: 332 நாளில் 61 நாள் ஜெயக்குமார் கணக்கில், அவன் தேதி மார்ச் 19, எண் 1,120, இந்த வருடத் தொகுதியில் கடைசி இடம். மீதி 271 நாள் பரசுராமன் கணக்கில். அவன் தேதி அக்டோபர் 1, எண் 1,172, அடுத்த வருடத் தொகுதிக்குள்.