சுனை குடிவந்த வீடு

பங்குனி முடிவதற்குள்ளாகவே வெயில் தாளாமல் பூவரசன்தேரியின் சுனை எழுந்து ஊருக்குள் நடந்து வந்தது.

தங்கபுஷ்பம் அப்போது பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப்பேர் ஏற்கனவே போய்விட்டார்கள். மழை வருஷா வருஷம் பிந்திக்கொண்டே போனது, வெயில் முந்திக்கொண்டே வந்தது. அடிகுழாயை அடித்தால் காற்றுதான் வந்தது. சுற்றிலும் தேரியின் செம்மணல் மேடுகள் பகலெல்லாம் கொதித்துக் கிடந்தன. அவளும் அவள் புருஷன் சுயம்புலிங்கமும் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவுசெய்து, வெள்ளிக்கிழமைக்கு வேனும் சொல்லியாகிவிட்டது.

வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்து பார்த்தாள். சுனை நின்றுகொண்டிருந்தது. மண் ஒட்டிவிடாமல், கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல, தன் தண்ணீரை ஓரத்தில் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தது. பின்னால் தாழம்புதர், ஒரு நாவல் மரம், இரண்டு பனை, அப்புறம் தவளைகள்.

“மைனி, கொஞ்ச நாள் இங்க இருந்துக்கிடட்டுமா? தேரியில கால் வைக்க முடியல. இருட்டுன பிறகும் மண்ணு ஆறமாட்டேங்குது” என்றது.

தங்கபுஷ்பம் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதனால் சுனை அவளை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடும்.

“கேக்கவா செய்யணும்? உள்ள வா. தவளைய மட்டும் அடுப்படிக்கு விட்டுராத, வழுக்கும்.”

சுனை நடுவீட்டில் உட்கார்ந்தது. தண்ணீர் நாலு சுவரையும் தொட்டுக்கொண்டு கணுக்கால் அளவுக்கு நின்றது. சுயம்புலிங்கம் கடைத்தெருவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, நாவல் மரம் கூரைக்குக் கீழே குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். ஏணியை எடுத்துவந்தார்.

“எத்தன ஓட்டப் பிரிக்கணும்?”

“பனைக்கும் சேத்துப் பாத்துக்கிடுங்க” என்றாள் தங்கபுஷ்பம்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டார்கள். சுனையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“மாடி வீடும்மா” என்றாள் மகள். “ஹவுஸ் ஓனர் பூனையே வளக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. தவளைக்கெல்லாம் ஒத்துக்கிடவே மாட்டாரு.”

அது நியாயம்தான் என்று இருவருக்கும் பட்டது. வேன் ஏற்பாடு அப்படியே இருந்தது. அவள் தண்ணீருக்குள் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். முன்பெல்லாம் குடத்தோடு தேரிக்குப் போனால் சுனையிடம் அரைமணி நேரமாவது பேசாமல் திரும்பமாட்டாள். இப்போது அதை நடுவீட்டிலேயே வைத்துப் பேச முடிந்தது. ஊரை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

வியாழக்கிழமை கடற்கரை ஊரிலிருந்து சவேரியார்பிச்சை லாரியோடு வந்தார். மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி வைத்திருப்பவர். மரியாதையான மனுஷன், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்கினார்.

“எங்க கம்பெனிக்கு வந்துரும்” என்று சுனையிடம் சொன்னார். “வருஷம் முழுக்கக் குளுகுளுன்னு இருக்கலாம். கரண்டு போனாலும் ஜெனரேட்டர் இருக்கு.”

சுனை ஒருதரம் சலசலத்தது. ஓட்டு வீடு மத்தியானத்தில் அனலாக அடிப்பதும், அப்போதெல்லாம் சுனை விரலளவு வற்றிப்போவதும் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும்.

“போயிட்டு வா. நீ நல்லாருக்கணும்லா” என்றாள். தாழம்புதரில் சிக்கியிருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தவளைகளை ஒரு அகலச் சட்டியில் வைத்து லாரியில் ஏற்றினாள். லாரி திரும்புகிறவரை சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, கட்டிலுக்கடியில் மிச்சமிருந்த கையளவு ஈரத்தைத் துடைக்காமல் விட்டுவிட்டு அழுதாள்.

மறுநாள் வேன் வந்தது. சாக்குகளை ஏற்றினார்கள். சுயம்புலிங்கம் கதவைச் சாத்திப் பூட்டைத் தேடிக்கொண்டிருக்கையில் டவுன் பஸ் வந்து நின்றது. முன்படி வழியாகச் சுனை இறங்கியது. மரங்களைப் பஸ் கூரையிலிருந்து இறக்கினார்கள். கண்டக்டர் தவளைகளை ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து இறக்கிவிட்டு விசில் கொடுத்தார்.

“ஏன், குளிர் பத்தலையா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“குளிருக்கு என்ன கொறச்சல், மைனி. பேச ஆளில்ல. மீனுங்க எல்லாம் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் கெடக்கு, என்ன கேட்டாலும் ஒரு பதில் கெடையாது. ஒருத்தரும் ஒரு செம்பு மொள்ள வரல. ஓரமெல்லாம் வெறச்சுப்போச்சு.”

தங்கபுஷ்பம் புருஷனைப் பார்த்தாள். அவர் பூட்டைத் தேடுவதை நிறுத்திவிட்டு வேன் டிரைவரிடம் போனார்.

“தம்பி, சாக்கையெல்லாம் எறக்கிருவோம். அப்புறம் உள்ள வந்து ஒரு குளியல் போட்டுட்டுப் போங்க.”

டிரைவர் சாக்குகளை இறக்கிப் போட்டுவிட்டு, வெகுநேரம் குளித்தார்.

விஷயம் தெரிந்து, ஊரை விட்டுப் போனவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். முதலில் தச்சர் வீட்டுக்காரர்கள், பின்னாலேயே டீக்கடைக்காரர். வெயில் குறைந்தபாடில்லை. அதனால் எல்லோருமாகச் சேர்ந்து வீட்டுக்கு வீடு ஓலைப்பந்தல் போட்டு, தெரு முழுவதும் நிழலாக்கினார்கள். சாயங்காலம் சுனை அந்த நிழலில் மெல்ல உலாவப்போகும். அது எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர்கள் குடத்தோடு வந்து மொண்டுகொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். நாவல் மரம் கூரைக்கு மேல் காய்த்தது. பழம் விழும்போதெல்லாம் சுயம்புலிங்கம் கட்டிலில் படுத்தபடியே வாயைத் திறந்து பார்த்தார். இரண்டொரு தடவை சரியாக விழுந்தது.

ஆவணியில் ஒருநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். தங்கபுஷ்பம் திறந்தாள். மார்கழி மாதம் நின்றுகொண்டிருந்தது. மெலிந்து போயிருந்தது. தலையில் குரங்குக்குல்லா, கையில் ஒரு மஞ்சப்பை. குல்லாவிலிருந்து பனி சொட்டி வாசல்படி நனைந்தது.

“அக்கா, வருஷா வருஷம் நான் வாற நேரத்துல என் எடத்துல வெயில் உக்காந்திருக்கு” என்றது. “இந்த வீட்டுல குளுமையா இருக்கும்னு சொன்னாங்க.”

உள்ளே சுனை கிழக்குச் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டது.

தங்கபுஷ்பம் மஞ்சப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, “கோலப்பொடி கொண்டு வந்திருக்கியா, இல்ல கடையில வாங்கணுமா?” என்று கேட்டாள்.