அக்காவுக்கு ஒரு மாத்திரை

கடன் சரியாக மூவாயிரத்து எண்ணூற்று எழுபது. ஸ்கேனுக்குப் பணம் குறைந்து, மண்டியில் மூட்டை சுமக்கும் மூட்டைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அன்று, ஆஸ்பத்திரியில் அவர் மனைவியின் பக்கத்துப் படுக்கையில் இருந்த சிரிப்பக்காதான் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். “மெதுவா குடுங்க தம்பி, நான் எங்க ஓடிடப் போறேன்?” என்று சிரித்தாள். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு பெண்களுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. முதலில் இருவருக்கும் கட்டி சுருங்கியது. பிறகு அது மருந்துக்குப் பழகிப்போய் மறுபடி தலைதூக்கியது. இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் புது வைத்தியம் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்காவின் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். மூட்டைக்காரர் மனைவிக்குக் கிடைத்தது. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. தினமும் காலையில் வீட்டிலேயே இரண்டையும் விழுங்க வேண்டும்.

பத்தாம் நாள் மூட்டைக்காரர் சோப்பு டப்பாவைத் திறந்தார். கைக்குட்டைக்குள் ஒன்பது மஞ்சள் மாத்திரைகள்.

“என்னடி இது?”

“அக்காவோடது.” ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தபடி சொன்னாள். “மாத்திரை நேரத்துக்குச் சரியா வந்து உக்காந்துடுறா. ‘ரெண்டு வச்சிருக்கியே, எனக்கொண்ணு குடேன்’ங்கிறா. வாங்கின கடனையே நாம குடுக்கல. எந்த முகத்தோட இல்லன்னு சொல்றது?”

நாற்காலியில் துவைத்த துணிதான் கிடந்தது. ஆனாலும் அதை எடுத்து மடிக்க அவருக்குக் கை வரவில்லை.

அவர் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. “கட்டி ஒரு திருடன் மாதிரிங்க. முன்வாசல்ல ஆள் நின்னா பின்வாசல்ல போயிடும். வெள்ளை முன்வாசலுக்கு, மஞ்சள் பின்வாசலுக்கு. ஒண்ணை மட்டும் போட்டா தப்பிக்க நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி. போன ஒன்பது நாள் போகட்டும். இனியும் விட்டா இதுக்கும் பழகிடும். அப்புறம் குடுக்க எங்கிட்ட வேற இல்ல.”

மறுநாள் அவர் கண்முன்னேதான் இரண்டையும் வாயில் போட்டாள். முகம் கழுவப் போனாள். அவர் பின்னால் போய்ப் பார்த்தபோது குழாயடியில் மஞ்சள் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே கூலியில் முன்பணம் வாங்கிக்கொண்டு அக்காவின் புருஷனைத் தேடிப் போனார். அவர் வெல்டர். பட்டறையில் ஒரு கேட்டுக்குப் பற்றுவைத்துக்கொண்டிருந்தவரிடம் மூட்டைக்காரர் கடன் பணத்தை நீட்டினார்.

“அவ குடுத்தத நான் வாங்கவா? போயா, உன் வேலையப் பாரு.”

“வாங்கிக்கங்க அண்ணே. இல்லன்னா என் வீட்டுக்காரி செத்துடுவா,” என்று மூட்டைக்காரர் எல்லாவற்றையும் கொட்டினார்.

வெல்டர் முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “எங்க வீட்டுக்கு வரவே இல்லயே,” என்றார். “நானும் கதவைத் தாழ் போடாமதான் படுக்குறேன்.”

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் வெல்டர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். மூட்டைக்காரர் மனைவி கைக்குட்டையை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

“அவளா மாத்திரை கேட்டா? தங்கச்சி, மாத்திரைன்னா அவளுக்கு வேப்பங்காய். நாக்குக்கடியில வச்சுக்குவா, நான் திரும்பினதும் ஜன்னல் வழியா துப்புவா. பக்கத்து வீட்டுக் கோழிக்குத்தான் வைத்தியம் நடந்துச்சு.”

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “இப்பவும் உக்காந்திருக்கா அண்ணா.”

வெல்டர் நாற்காலியைப் பார்த்தார். வெறும் நாற்காலியை அப்படிப் பார்க்கிற ஆளை மூட்டைக்காரர் கண்டதில்லை. வெல்டர் அவளிடமிருந்து கைக்குட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஏய், உன் பங்கு எங்கிட்ட இருக்கு. வேணும்னா வீட்டுக்கு வந்து வாங்கிக்கோ. இந்தப் புள்ளயத் தொந்தரவு பண்ணாத.”

மூட்டைக்காரர் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. “இதுவே போதும்யா. அந்த மூவாயிரத்து எண்ணூத்தி எழுபதும் தீர்ந்துச்சு.”

வெளியே போனவர், பின்னால் யாரோ வருவதற்கு வழிவிடுகிறவர் போலக் கதவைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாத்தினார்.

அவள் வெள்ளையையும் மஞ்சளையும் ஒன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

“இனி கடன் இல்லைங்களே?”

“இல்லடி,” என்றார் அவர்.