பல் டாக்டர் தேர்ந்தெடுத்த கரி

பல் டாக்டருக்குத் தன் சகலை மேல் பொறாமை கிடையாது. யாரும் கேட்காதபோதும் இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். திரைச்சீலை விற்கிற மனுஷன் மேல் தனக்கென்ன பொறாமை என்பார். ஆனால் மனைவியின் தங்கையைக் கட்டிய அந்தத் திரைச்சீலைக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கொல்லையில் பழைய இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கிடத்தி, அதற்குள் ஆட்டு முன்னந்தொடையை வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை புகை போட்டு, மாமனார் குடும்பம் மொத்தத்தையும் கூப்பிட்டுப் பரிமாறினார். அன்றிலிருந்து டாக்டருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. மாமனார் வாய் ஓயாமல் அந்தக் கறியைப் பற்றியே பேசினார். அதுவும் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடமே பேசினார்.

டாக்டர் ஒரு புகையடுப்பு வாங்கினார். அவரைவிட உயரம். மூடியில் வெப்பம் காட்டும் முள், பக்கத்துக்கொரு காற்றுத் துவாரம், அடியில் சாம்பல் தட்டு. அதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவர முடியாமல் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. அடுப்பு வந்த பிறகுதான் அடுப்பு பெரிய விஷயமில்லை, கரிதான் விஷயம் என்று எங்கோ படித்தார். நாள் முழுக்க மந்தமான சூட்டில் கறி வேக வேண்டுமென்றால் கரி அவசரப்படக் கூடாது, நடுவில் அணையவும் கூடாது. அதற்குக் கொட்டாங்குச்சிக் கரிக்கு மிஞ்சியது இல்லை என்று தெரிந்துகொண்டார். கொட்டாங்குச்சிக் கரியிலேயே இத்தனை ஜாதி இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்குப் பித்துப் பிடித்தது.

ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மூட்டை வரவழைத்தார். சோதனை நடந்தது வீட்டில் அல்ல, கிளினிக்கில். கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டுகளை வரிசையாகப் பின் வராண்டாவில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரகத்தைக் கொளுத்தினார். நோயாளியின் வாயில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை வெளியே போய்க் கனலைப் பார்த்துவிட்டு வருவார். முன்னறையில் இருந்த உதவியாளர், டாக்டர் கரி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று உண்மையைச் சொல்லப் போக, ஊசி போட்ட வாயோடு காத்திருந்த ஒருவர் அதைக் கறி என்று கேட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது தன் தப்புதான் என்று எழுந்து போய்விட்டார்.

உடைத்த கொட்டாங்குச்சித் துண்டுகளாகவே வந்த கரி சட்டென்று பிடித்து, குதித்து எரிந்து, அதே வேகத்தில் அணைந்தது. மலிவான உருண்டைகள் பளபளவென்று இருந்தன. எரிந்ததும் செங்கல் நிறத்தில் சாம்பல் குவிந்து, ஈர மண்ணும் பசையும் கலந்த நாற்றம் அடித்தது. கரித்தூளோடு களிமண்ணைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள் என்று டாக்டர் கண்டுபிடித்து, அதைப் பல்லை அடைக்க வந்தவனிடம் அரை மணி நேரம் விளக்கினார். அவன் வாய் திறந்தபடியே இருந்ததால் மறுத்துப் பேசவில்லை. டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார். கடைசியில் வந்தது நடுவில் துளையிட்ட ஆறு பட்டைக் கரிக்கட்டை. ஒன்றோடொன்று தட்டினால் பீங்கான் மாதிரி கணீரென்றது. நிதானமாகப் பிடித்தது. காலையில் வைத்த கனல் கிளினிக் மூடும்போதும் அதே சூட்டில் இருந்தது. சாம்பல் கொஞ்சம், அதுவும் வெளுப்பு. வாசனை இல்லை. புகை துளிகூட இல்லை.

டாக்டருக்குக் கண் கலங்கியது. ஆயுள் முழுக்க ஊராரின் பல்லில் கறையைச் சுரண்டியவர் அவர். கறையே விடாத ஒரு பொருளை அன்றுதான் பார்த்தார்.

வங்கியில் வேலை பார்க்கும் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, புகை போடறதுக்குப் புகையே வராத கரியா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. சுத்தமான கரிக்குன்னு ஒரு வாசம் இருக்கு. அது உள்ளுக்குள்ள இறங்கும்."

கரிக்கடைக்காரரும் போனில், கனல் மேல் போட மரக்கட்டை ரெண்டு துண்டு சேர்த்து அனுப்பட்டுமா, வாசம் அதில்தானே வரும் என்று கேட்டார். மரக்கட்டை போடுவது சகலையின் வேலை. கரியின் தூய்மையைக் கெடுக்க வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மாமனார், மாமியார், சகலை, மைத்துனி, ஒரு பெரியம்மா. அடுப்பின் முள் காலையிலிருந்து நகரவே இல்லை. டாக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப்போய் அந்த நகராத முள்ளைக் காட்டினார். பசி நேரம் வந்து, போய், மறுபடி வந்தது. பெரியம்மா கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து யாருக்கும் தெரியாமல் வாயிலேயே ஊறவைத்துத் தின்றார். ஒருவழியாக மூடி திறந்தபோது உள்ளே தொடை வெளிறிப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீடு திரும்பியதுபோலப் படுத்திருந்தது. வெந்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. தொட்டால் எலும்பிலிருந்து கழன்று வந்தது.

டாக்டர் தான் சாப்பிடாமல் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புகை வாசம் வருதா அத்தை?"

மாமியார் ஒரு பக்கமாகவே மென்றார். "கமகமன்னு வருது மாப்பிள்ளை. தொண்டை வரைக்கும் நிக்குது."

மாமனார், அன்றைக்குச் சாப்பிட்டதெல்லாம் இதற்கு முன்னால் சும்மா என்றார். பெரியம்மா கண்ணை மூடித் தலையாட்டினார். எல்லோரையும் மிஞ்சியது சகலைதான். எழுந்து வந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, அண்ணே, இனிமேல் நான் அந்தப் பீப்பாயைத் தொடவே மாட்டேன் என்றார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு அவர் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். வெந்நீரில் போட்டெடுத்த கறிபோல இருந்தது. ஓரத்தைப் பிய்த்துத் தின்றார், நடுவைத் தின்றார், கடைசியில் எலும்பை மோந்து பார்த்தார். புகை எங்குமே இல்லை.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் கரியைச் சந்தேகப்பட்டிருப்பார், அல்லது சொந்தக்காரர்களைச் சந்தேகப்பட்டிருப்பார். டாக்டர் தன் மூக்கைச் சந்தேகப்பட்டார். அத்தனை பேருக்கு வருகிற வாசம் தனக்கு மட்டும் வரவில்லையென்றால் கோளாறு வேறெங்கே இருக்க முடியும்? அந்த வாரம் முழுக்கச் சோப்பை மோந்தார், செருப்பை மோந்தார், வாசலில் நின்ற ஆட்டோவின் பின்னால் போய் நின்றார். பிறகும் திருப்திப்படாமல், கூடப் படித்த காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் நின்றார்.

நண்பர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சின்னச் சின்னக் குப்பிகளைக் காட்டிக் கண்ணை மூடச் சொன்னார். காபி, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் சரியாக வந்தன. கிராம்பை மூடி திறக்கும் முன்பே சொல்லிவிட்டார். அதன் பிறகு நண்பர், எதற்காக வந்தாய் என்று முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும் விளக்கை அணைத்தார்.

"உனக்கு மூக்குல ஒண்ணும் இல்லப்பா. எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு சொன்ன? அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்காங்க."

டாக்டர் நேரே வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொந்த மாமியார் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவள் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள்.

"எங்க அம்மா வாயில ஒரு பல்லை நீங்க பாதி தொறந்து வச்சிருக்கீங்க. அப்பாவுக்குப் பல்செட் இன்னும் சரியா உக்காரல. பெரியம்மாவுக்கு அடுத்த வாரம் ரெண்டு புடுங்கணும். அவங்க என்னதான் சொல்லுவாங்க?"

"சகலைக்குப் பல் நல்லாத்தானே இருக்கு?"

"அவருக்கு எதிர்ல ஒரு ஆள் நின்னு முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா சாப்பிட முடியாதாம். சீக்கிரம் உங்களை உக்கார வைக்கணும்னுதான் அவ்வளவும் சொன்னாராம். தங்கச்சி சொன்னா."

 நாற்காலியில் படுக்கிறவர்கள் ஏன் தன் நகைச்சுவைக்கெல்லாம் சிரிக்கிறார்கள் என்ற கேள்வியும் டாக்டருக்குக் கூடவே எழுந்தது. அதை மட்டும் அவர் தொடவில்லை.

அடுத்த வாரமே கரிக்கடைக்குப் போன் போட்டு, தனக்கே கேட்காத குரலில், கொய்யாக் கட்டை இரண்டு துண்டு வேண்டும் என்றார். கடைக்காரர் உரக்கத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். மாமியாரின் பல்லுக்குத் தொப்பி போட்டு, பெரியம்மாவுக்குப் பிடுங்கி, மாமனாரின் செட்டை ராவிச் சரிசெய்து, ஒருவருக்கும் தன்னிடம் எந்தக் காரியமும் பாக்கியில்லை என்று ஆன பிறகே மறுபடி எல்லோரையும் கூப்பிட்டார். அதே ஆறு பட்டைக் கரிதான். அதன் மேல் கொய்யாக் கட்டை கமறிக் கமறிப் புகைந்தது. இந்தத் தடவை தொடை கருஞ்சிவப்பாகத் தோல் இறுகி வெளியே வந்தது. மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது.

மாமியார் கமகமவென்று வருகிறது, தொண்டை வரைக்கும் நிற்கிறது என்றார். மாமனார், இதற்கு முன்னால் சாப்பிட்டதெல்லாம் சும்மா என்றார். பெரியம்மா கண்ணை மூடித் தலையாட்டினார். டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசத்தைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சகலை மட்டும் வாயே திறக்கவில்லை. தலை நிமிராமல் தின்றார். சட்டைக் கையில் கொழுப்பு வழிந்தது, துடைக்கவில்லை. மைத்துனி ஏதோ கேட்டாள், அது அவர் காதில் விழவில்லை. எலும்பை இரண்டாக ஒடித்து உள்ளே இருந்ததை உறிஞ்சினார். பிறகு மனைவியின் தட்டிலிருந்த எலும்பையும் எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, வர்றேன் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாத்தியா? நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை. வாயில வந்துச்சா பாத்தியா அந்த ஆளுக்கு? அவ்வளவும் பொறாமை."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள். பாத்திரத்தில் இன்னும் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.