விழாத பென்ஹாலோ

அந்தக் காலத்தில் ஆட்டம் அப்படித்தான் இருந்தது. பெயர் கால்பந்து என்றாலும் பந்து பெரும்பாலும் கையிடுக்கில்தான் இருக்கும். பந்தை வைத்திருப்பவனை எத்தனை பேர் பிடித்தாலும், மண்ணில் போட்டு அமுக்கினாலும், அவனே வாயைத் திறந்து "விழுந்தேன்" என்று சொல்லும்வரை நடுவர் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். சொல்லிவிட்டால் அதே இடத்தில் ஆட்டம் நிற்கும். பந்தும் அவன் அணியிடமே இருக்கும். சொல்லாவிட்டால் எதிரிகள் அவனைப் பின்னால் இழுப்பார்கள், அவன் தோழர்கள் முன்னால் இழுப்பார்கள். நடுவில் கிடப்பவன் பாடு அவன் பாடு.

மைல்ஸ் பென்ஹாலோ கார்வெல் கல்லூரிக்காக நான்காவது ஆண்டாக ஆடிக்கொண்டிருந்தான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அது அவன் முரட்டுத்தனம் அல்ல. பிறந்த வீடு அப்படி. அவன் தந்தை கர்னல் ஜெரோம் பென்ஹாலோ, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுற்றிலும் நின்றவர்கள் துப்பாக்கியைக் கீழே போட்டுக் கைதூக்கியபோது, தொடையில் குண்டோடு சோளக்காட்டைக் கடந்து தம் படைக்கு வந்து சேர்ந்தவர். நியூ ஹாம்ப்ஷயரில் ஆல்டன் மில்ஸ் என்ற அந்த ஊரில் இது தெரியாதவர் இல்லை. மகன் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று ரயிலடியில், ஊரார் காதில் விழும்படியே கர்னல் சொன்னார்: "எங்க வீட்ல யாரும் விழுந்தேன்னு சொன்னதில்ல. விளையாட்டுக்குக்கூட."

மைல்ஸ் அதைப் பிடித்துக்கொண்டான். தலைக்குக் காப்பாகப் பிடரிவரை முடி வளர்த்தான். பிடி வழுக்குவதற்காகத் தடித்த துணிச் சட்டையில் பன்றிக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டான். முதல் ஆண்டில் மூக்கு உடைந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரு காது பாதி கிழிந்தது. மூன்றாம் ஆண்டில் செய்தித்தாள்கள் அவனை "விழாத பென்ஹாலோ" என்று எழுதத் தொடங்கின. அவன் அப்பா அகராதியில் அந்த வார்த்தை இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டார் என்று மாணவர்கள் கேலி பேசினார்கள். அது காதுக்கு வந்தபோது கர்னல் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முழுதும் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நான்காம் ஆண்டில் அவனை அணித் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடைசி ஆட்டம் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நாள் பண்டிகையன்று, ஹாஸ்லிப் கல்லூரியோடு. கர்னலும் மகள் ஹெஸ்டரும் முந்தின நாளே வந்து விடுதியில் தங்கியிருந்தார்கள். காலை உணவுக்கு மைல்ஸ் வந்தான். தட்டில் வைத்த பன்றி இறைச்சி அப்படியே ஆறியது.

"கிளெக்கைப் பாத்துட்டு வந்தேன், அப்பா."

டோபி கிளெக் அணியில் எல்லாரையும்விடச் சிறியவன். அக்டோபர் தொடக்கத்தில் நடந்த ஒரு ஆட்டத்தில் இடுப்பெலும்பு முறிந்து, இப்போது இரண்டு கட்டைகளை ஊன்றி நடக்கிறான்.

"எப்படி இருக்கான்?"

"இனிமே நேரா நடக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னைக்கு அஞ்சு பேர் என்னைப் பின்னால இழுத்துக்கிட்டிருந்தாங்க. நான் வாயத் திறக்கல. என்னை மீட்கத்தான் அவன் உள்ள பாஞ்சான். மொத்தக் கூட்டமும் அவன் மேல விழுந்துச்சு."

"நீயா அவனை வரச் சொன்ன?"

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் வந்திருக்க வேண்டாம்."

ஹெஸ்டர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டுத்தான் போயேன், மைல்ஸ். எல்லாப் பசங்களும் சொல்றாங்க. யாருக்கும் வானம் இடிஞ்சு விழல."

"ஹெஸ்டர், நீ பேசாத," என்றார் கர்னல். பிறகு மகனைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தும் வழக்கமும் அவருக்கு இல்லை. "ஊரே உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுது. நாலு வருஷம் காப்பாத்துனதைக் கடைசி நாள்ல போட்டு உடைப்பியா? அந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, நீ வீட்டுக்கு வர வேண்டாம்."

மைல்ஸ் கைத்துணியை மடித்துத் தட்டின் அருகே வைத்தான். "சரிங்க அப்பா," என்று எழுந்து போனான்.

பிற்பகல் குளிரில் திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். செல்வந்தர்கள் குதிரை வண்டிகளின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். கர்னல் கயிற்றோரம், கைத்தடி இல்லாமல், காலை ஊன்றி நின்றார். ஹெஸ்டர் பெண்களுக்கான பலகை வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடியும் தறுவாயில் கார்வெல் ஆறு, ஹாஸ்லிப் ஐந்து.

அப்போது ஹாஸ்லிப் பந்தை உயர உதைத்தது. மைல்ஸ் தன் எல்லைக் கோட்டுக்குச் சில அடி முன்னால் அதைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் நான்கு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். இருவர் இடுப்பை, ஒருவன் கழுத்தை, ஒருவன் கால்களை. கோட்டுக்குப் பின்னால் அவனை இழுத்துவிட்டால் ஹாஸ்லிப்புக்கு இரண்டு புள்ளி, ஆட்டம் அவர்களுடையது. மைல்ஸ் குதிகாலை மண்ணில் புதைத்தான். குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டே பின்னால் போனது. கார்வெல் பையன்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் பாக்ஸ்டர், கிளெக்கின் இடத்தில் ஆடும் ஒல்லிப் பையன். அவன் குனிந்து மைல்ஸின் முழங்காலைப் பிடித்து முன்னால் இழுத்தான். அவனுக்கு மேலே ஹாஸ்லிப்பின் தடியர்கள் தாவ ஆயத்தமானார்கள்.

கர்னல் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பாக்ஸ்டரைக் குனிந்து பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

"விழுந்தேன்."

முனகவில்லை. திடலின் நான்கு பக்கமும் கேட்கும்படி, வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னான். நடுவர் கையைத் தூக்கினார். எல்லாரும் பிடியை விட்டார்கள். பாக்ஸ்டர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

காதில் கேட்டதை யாரும் நம்பவில்லை. பிறகு கார்வெல் பக்கம் அதிர்ந்தது, தொப்பிகள் பறந்தன. மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தைக் கார்வெல் பந்தை விடாமல் ஓட்டி முடித்து வென்றது. மாணவர்கள் மைல்ஸைத் தோளில் தூக்கியபோது கர்னல் கயிற்றோரம் இல்லை. விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஹெஸ்டர் தம்பியைப் பார்த்துவிட்டு நேரே ரயிலுக்கு வந்தாள். வண்டி கிளம்பி வெகுதூரம் போயிருந்தது.

"அவன் வரலையா?" என்றார் கர்னல், சன்னலைப் பார்த்தபடி.

"எப்படி வருவான்? நீங்கதான் வர வேண்டாம்னுட்டீங்க. 'அப்பா சொன்ன சொல்லை மாத்த மாட்டார், அக்கா, நானும் அவரைக் கெஞ்ச மாட்டேன்'ங்கறான். ஒஹாயோல ஏதோ பள்ளிக்கூடத்துல வேலை தர்றாங்களாம்." கையுறையைக் கழற்றி மடியில் போட்டாள். "பாக்ஸ்டரோட அம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. மைல்ஸ் வாயத் திறந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவன் என் தம்பின்னு அவங்களுக்குத் தெரியாது. 'யாரோ நல்லா வளத்திருக்காங்க'ன்னாங்க."

அக்டோபர் ஆட்டத்துக்கும் கர்னல் போயிருந்தார். குவியலைப் பிரித்தபோது கிளெக் கிடந்த கிடப்பையும் கண்டார். ஆனால் அன்று அவர் கண் மகன் மேலேயே இருந்தது. வாயைத் திறக்காமல் எழுந்து நின்ற மகன் மேல். கிளெக்கின் தாய் அன்று அங்கே வந்திருந்தாளா என்றுகூட அவருக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

ஆல்டன் மில்ஸில் வண்டி நின்றபோது ரயிலடியில் கூட்டம். தந்தியில் வெற்றிச் செய்தி மட்டும் வந்திருந்தது. ஊரின் ஊதுகுழல்காரர்கள் குளிரில் கன்னம் உப்ப ஊதினார்கள். ஆலை முதலாளி ஸ்டாடர்ட் முன்னால் நின்றார். கர்னலோடு தேவாலயத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து இருபது ஆண்டாக முகம் கொடுத்துப் பேசாதவர்.

"எங்க, கர்னல், நம்ம விழாத பென்ஹாலோ? ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

தலையசைத்துவிட்டு வண்டியேறியிருந்தால் போதும். செய்தித்தாள் வந்து சேரும்வரை இரண்டு நாள் அந்தப் பெயர் அப்படியே இருந்திருக்கும். கர்னல் தொப்பியைக் கழற்றினார். ஊதுகுழல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அவன் விழுந்தான். விழுந்தேன்னு சொல்லவும் சொன்னான். நான் என் காதால கேட்டேன்."

ஸ்டாடர்ட் மெல்லச் சிரித்தார். "அப்போ பென்ஹாலோக்களும் அதைச் சொல்லுவாங்க. ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம் தீர்ந்துச்சா? அவன் சொன்னதாலதான் ஆட்டம் ஜெயிச்சது. ஒரு பையன் தன் கால்ல நடந்து வீட்டுக்குப் போனான். முன்னாடி ஒரு தடவை சொல்லாம இருந்தான். அதுல இன்னொரு பையன் நொண்டியாப் போனான். சொல்லக் கூடாதுன்னு வளத்தவன் நான்." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "இதை ஆலையில யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க, ஸ்டாடர்ட். ஆனா முழுசாச் சொல்லுங்க."

கூட்டம் வழிவிட்டது. கர்னல் வீட்டு வண்டியைத் தாண்டி ரயிலடித் தந்தி அறைக்குள் போனார். ஹெஸ்டர் வாசலில் நின்றாள்.

"மைல்ஸ் பென்ஹாலோ, கார்வெல் கல்லூரி," என்றார். "வீட்டுக்கு வா. அப்பா."

தந்திக்காரன் எழுதிக்கொண்டு நிமிர்ந்தான். "பத்து வார்த்தை வரைக்கும் ஒரே கூலிதான், கர்னல். வேற ஏதாவது சேக்கட்டுமா?"

"வேண்டாம்."

கதவுவரை போனவர் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"கிளெக்கையும் கூட்டிட்டு வான்னு சேத்துக்க," என்றார்.